ஒரு மரமும் அதன் பெயர்களும்

ஒரு மரத்தின் நிழலையும் மணத்தையும் சிறு வயதிலே தாமாகவே அறிந்துகொள்ளும் நாம், அதன் பெயரை மட்டும் எவரேனும் சொல்லக் கேட்டே அறிகின்றோம். சொன்னவர் தாயாகவோ பாட்டியாகவோ இருப்பின் அப்பெயரை ஐயுறுவது எளிதன்று. இரசாயனவியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதனை உணர்த்தியது, வத்தளையில் எங்கள் ஒழுங்கையின் கோடியில் நிற்கும் ஒரு நாகலிங்க மரமாகும். அதன் பெயர்பற்றி நான் அறிந்திருந்ததைச் சொல்லவேண்டிய வேளையிற் சொல்லாது விட்டேன். அதனால் நேர்ந்ததையும் நேரவிருந்து தப்பியதையும் ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

கொழும்பிலிருந்து களனி ஆற்றைக் கடந்து நீர்கொழும்பு வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் பேலியகொடையை அடுத்து வத்தளையை அடைவர். ஒருபுறம் ஆறு; மறுபுறம் கடல்; இடையே ஆங்கிலேயர் 1802ஆம் ஆண்டு வெட்டத் தொடங்கி 1804ஆம் ஆண்டு முடித்த ஹமில்ற்றன் கால்வாய். கத்தோலிக்கரும் பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வது இவ்வூரின் இயல்பு. எங்கள் வீட்டுக்கு நேரெதிரே ஒரு சிங்கள மூதாட்டியார் வாழ்கின்றார். அவரை நாங்கள் ஆச்சி என்றே அழைப்போம். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது இரண்டு இரவுகள் எங்கள் குடும்பம் முழுவதையும் தம் வீட்டின் பின்னறையில் வைத்துக் காத்தவர் அவர். அப்பொழுது நான் பாடசாலை மாணவன். என் தாயார் அவரை அக்கே என்பார். அவர் என் தாயாரை நங்கி என்பார்.

நாகலிங்க மரத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறவார். வேறு பல மரங்கள் கிளைகளிற் பூக்க, இது அடிமரத்திலிருந்து கயிறுகள்போல் நீண்டு தொங்கும் தண்டுகளிற் பூக்கின்றது. தடித்த ஆறு இதழ்கள்; வெளிப்புறம் மஞ்சள் சார்ந்தது, உட்புறம் செம்மை. நடுவே வட்டமான ஒரு பீடம். அதன்மீது ஒரு புறத்திலிருந்து வளைந்து கவிந்து நிற்கும் கேசரத் தொகுதி. சைவர் அதனைக் கண்டு, படம் விரித்த நாகத்தின் கீழ் அமைந்த இலிங்கம் என்றனர். பௌத்தர் அதே மலரில் தாது கோபத்தைக் கண்டனர். இரவிலும் விடியற்காலையிலும் அதன் மணம் ஒழுங்கை முழுவதும் பரவும். என் தாயாரும் ஆச்சியும் விடியுமுன் எழுந்து, ஒருவர் பனையோலைப் பெட்டியுடனும் மற்றவர் பித்தளைத் தட்டுடனும் மரத்தடிக்குச் செல்வர். ஒருவர் பறித்த மலர் எங்கள் சுவாமி அறைக்கும், மற்றவர் பறித்தது பன்சலைக்கும் சென்றன. என் தாயாருக்கு அது நாகலிங்கப் பூ. ஆச்சிக்கு அது சல் மல். புத்தபெருமான் லும்பினியிற் பிறந்தபோது மலர்ந்து நின்றதும், குசிநாராவிற் பரிநிர்வாணம் எய்தியபோது இருமருங்கும் நின்றதுமான சாலமரத்தின் மலர்.

உண்மையில் அம்மரம் இவ்விரண்டும் அன்று. அதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளாகும். ஒப்லே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர், பிரெஞ்சுக் கயானாவின் தாவரங்களைப்பற்றி 1775ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதற்குக் கூரூப்பிட்டா கயானென்சிஸ் என்று பெயரிட்டார். பிரேசில் கொட்டை மரம் அதன் குடும்பத்தைச் சேர்ந்தது. பேராதனைப் பூங்கா வழியாக 1881ஆம் ஆண்டளவிலேயே அது இலங்கைக்கு வந்து சேர்ந்தது. பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடியவர், இளவரசராயிருந்த காலத்தில், 1901ஆம் ஆண்டு மேரி இளவரசியுடன் அப்பூங்காவில் நாட்டிய மரம் இதே இனத்தது. மெய்யான சாலமரமோ ஷோரியா றொபஸ்ரா எனப்படுவது; வட இந்தியாவிலும் நேபாளத்திலும் வளர்வது; சிறிய வெளிறிய பூக்களை உடையது. அதன் பிசினே நம்மவர் தூபமிடும் குங்கிலியம். சாலமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் சிங்கராஜக் காட்டில் ஓங்கி வளர்கின்றன. ஆயினும் அவற்றை எவரும் பன்சலை முற்றத்தில் நட்டு வழிபடுவதில்லை. கடல் கடந்து வந்த அந்நிய மரமே அப்பெயரைப் பெற்றுக்கொண்டது.

இவ்விவரங்களை நான் மாணவனாயிருந்த காலத்திலேயே அறிவேன். அறிந்ததை வீட்டிலும் சொல்லவில்லை, ஒழுங்கையிலும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை ஏற்படவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தேவை 2016ஆம் ஆண்டு ஏற்பட்டது. அவ்வாண்டு மே மாதம் களனி ஆறு பெருகியபோது எங்கள் ஒழுங்கையிலும் முழங்காலளவு நீர் நின்றது. வெள்ளம் வடிந்த பின்னர், மண் இளகிவிட்டது, மரம் சாயுமோ என்ற அச்சம் பரவியது. அந்நாட்களில் ஒரு பிற்பகல், மரத்தடியில் நிறுத்தியிருந்த முச்சக்கர வண்டியொன்றின் கூரைமீது முற்றிய காய் ஒன்று விழுந்தது. ஆங்கிலேயர் இம்மரத்தைப் பீரங்கிக் குண்டு மரம் என்று அழைத்தமைக்குக் காரணத்தை அன்று யாவரும் உணர்ந்தோம். காய் தேங்காயினும் பெரிது. ஓடு மரம்போற் கடியது. வண்டியின் கூரை கிழிந்தது. உள்ளே எவரும் இருக்கவில்லை.

வண்டிக்குரிய இளைஞர் மரத்தைத் தறிக்கவேண்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியிலே அயலவர் கூடினோம். புனித மரத்தைத் தறிப்பது பாவம் என்றனர் சிலர். அப்பொழுது அவ்விளைஞர், இது புத்தர் பிறந்த மரமே அன்று, அமெரிக்க மரம் என்று தாம் வாசித்ததாகக் கூறினார். அவரும் பௌத்தரே. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எவரோ என்னைச் சுட்டி, "சேர் பல்கலைக்கழகத்திற் படிப்பிக்கிறவர், அவரைக் கேளுங்கள்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தனர். ஆச்சி முன்வரிசையில் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். அவரது மடியில் அன்று காலை பறித்த பூக்கள் இருந்தன. நான், "எனது துறை இரசாயனவியல், தாவரவியல் அன்று" என்றேன்.

அவ்வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் முழு வாக்கியமும் பொய். இளைஞர் தனித்து விடப்பட்டார். மரத்தின் புனிதமே அன்று வென்றது. கூட்டம் வேறெந்த முடிவுமின்றிக் கலைந்தது. ஒரு தமிழன் எழுந்து, இது உங்கள் புத்தரின் மரமன்று என்று சொன்னால் அது எவ்வாறு கொள்ளப்படும் என்ற அச்சமும் என் மௌனத்தின் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. ஆச்சியின் மடியிற் கிடந்த பூக்கள் மற்றொரு காரணம்.

அன்று மாலை, கூரையைக் கிழித்த காயை வீட்டுக்கு எடுத்து வந்தேன். துறையைச் சொல்லித் தப்பியவன் அத்துறையிலாவது எதையேனும் செய்யவேண்டும் என்று எண்ணினேன் போலும். வாளால் அறுத்தபோது உள்ளே வெண்ணிறமான சதைப்பகுதியும் நூற்றுக்கணக்கான விதைகளும் தெரிந்தன. மலரின் நறுமணத்துக்கு நேர்மாறான தீநாற்றம் எழுந்தது. சிறிது நேரத்தில், பார்த்துக்கொண்டிருக்கவே வெண்சதை பச்சை கலந்த நீலமாக மாறத் தொடங்கியது. மூக்கைப் பொத்தியவாறு அருகே வந்த என் மகள், மை ஊற்றினீர்களா என்று கேட்டாள்.

அந்நீலம் தமிழர்க்குப் புதியதன்று. அவுரிச் செடியிலிருந்து நம் முன்னோர் எடுத்த நீலச் சாயமும் அதுவே. அவுரியின் இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. நிறமற்ற ஒரு பொருளாக, வெல்ல மூலக்கூறு ஒன்றுடன் பிணைந்து கிடக்கின்றது. இலையை நீரில் ஊறவைக்க, அப்பிணைப்பு அறுந்து இண்டொக்சில் என்னும் பொருள் விடுபடுகின்றது. அது காற்றிலுள்ள ஒட்சிசனைச் சந்தித்ததும் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றிணைந்து நீலமாகின்றன. இண்டொக்சிலின் ஒரு பகுதி மேலும் ஒட்சியேற்றம் அடைந்து ஐசற்றின் ஆகின்றது. அவ்வைசற்றின் எஞ்சிய இண்டொக்சிலுடன் சேரும்போது தோன்றுவது இண்டிரூபின், அது செந்நிறமானது. நீலத்திலும் இண்டிரூபினிலும் அணுக்கள் ஒரே எண்ணிக்கையின: காபன் 16, ஐதரசன் 10, நைதரசன் 2, ஒட்சிசன் 2. இணைந்த முறையில் உள்ள வேறுபாடே ஒன்றை நீலமாகவும் மற்றொன்றைச் சிவப்பாகவும் ஆக்கியது. இத்தகையவற்றைச் சமபகுதியங்கள் என்று முதலாண்டு மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். நீலமும் இண்டிரூபினும் ஐசற்றினும் நாகலிங்கக் காயில் உள்ளன எனச் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் பேர்க்மன் குழுவினர் 1985ஆம் ஆண்டு எழுதினர்.

மலரின் கதை வேறு. அதன் நறுமணத்தில் யூஜினோல், லினலூல், பார்னிசோல் ஆகியவை உள்ளன. யூஜினோல் என்பது கராம்பின் மணம். நம் நாட்டுக் கறுவா இலை எண்ணெயின் முதன்மைக் கூறும் அதுவே. ஆகவே விடியற்காலையில் மரத்தடியில் வீசிய வாசனையில் என் தாயாரின் சமையலறைக்கும் பங்குண்டு. மலரில் தேன் கிடையாது. பெரிய வண்டுகள் மகரந்தத்துக்காகவே வருகின்றன. நாகத்தின் படம் என்று நாம் வணங்கும் பகுதியிலுள்ள மகரந்தம் வண்டுக்கு உணவாகுமேயன்றி விதையை உண்டாக்காது. பீடத்தைச் சுற்றி வளையமாக உள்ள குறுங்கேசரங்களின் மகரந்தமே கருவுறச் செய்வது. உணவு தேடிப் படத்தினுள் நுழையும் வண்டின் முதுகில் அது ஒட்டிக்கொள்கின்றது. இவ்விருவகை மகரந்தத்தைப்பற்றிய ஆய்வு 1980ஆம் ஆண்டு வெளிவந்தது. தாயகத்திலே காய் நிலத்தில் விழுந்து உடைய, பன்றியை ஒத்த பெக்கரி என்னும் விலங்குகள் சதையை உண்டு விதைகளைப் பரப்பும். ஆகவே காய் ஓங்கி விழுவது மரத்துக்கு வேண்டிய செயல். முச்சக்கர வண்டி நிறுத்துமிடம் அதன் கணக்கில் இல்லை.

அக்காயின் வரலாற்றைத் தேடுகையில், என்னை நாணச் செய்த செய்தியொன்றைக் கண்டேன். 1974ஆம் ஆண்டு இந்திய இரசாயனவியலாளர் சிலர் இம்மரத்தின் காயிலிருந்து ஓர் அல்கலொயிட்டைப் பிரித்தெடுத்து, புதிய பொருள் எனக் கருதி, மரத்தின் பெயராலேயே கூரூப்பிற்றீன் ஏ என்று பெயரிட்டனர். மூன்று ஆண்டுகளின் பின், 1977ஆம் ஆண்டு, மேற்சொன்ன பேர்க்மனும் உடனாய்வாளரும் அதன் கட்டமைப்பை ஆராய்ந்து, அது புதிய பொருளன்று. திரிப்தாந்திரின் என ஏற்கெனவே பெயர் பெற்றது என நிறுவினர். திரிப்ரோபன் மிகுதியாக ஊட்டப்பட்ட ஒருவகை மதுவத்திலிருந்து பெறப்பட்ட பொருள் அது. பெயர் தவறாயிற்று, தவறு அச்சிலேயே திருத்தப்பட்டது. திருத்தியவரை எவரும் பகைத்ததாகவோ, முதலிற் பெயரிட்டவரின் உழைப்பு வீணானதாகவோ எவரும் கருதவில்லை. காயில் அப்பொருள் உண்டு என்று கண்டவர்கள் அவர்களே அல்லவா? இத்தகைய திருத்தத்தை மாணவரிடம் நாள்தோறும் வற்புறுத்தும் நான், என் ஒழுங்கையில் ஒரு பெயரைத் திருத்தத் துணியவில்லை.

இதற்கிடையில் மரத்தைக் காப்பதற்கு வேறொரு வாதமும் கிளம்பியது. இம்மரம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று அயலவர் ஒருவர் சொல்லித் திரிந்தார். அவ்வதந்திக்கும் ஒரு வேர் உண்டு. சீன மரபு மருத்துவத்தில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்ட மூலிகைக் கலவையின் செயல்திறன் உள்ள கூறு இண்டிரூபின் எனக் கண்டறிந்தனர். கலப் பிரிவைத் தூண்டும் சில நொதியங்களை இண்டிரூபின் தடுக்கின்றது என்று 1999ஆம் ஆண்டு காட்டப்பட்டது. ஐசற்றின் பற்றியும் ஆய்வுகூடச் சோதனைகள் பல உண்டு. எனினும் கண்ணாடிக் குழாயிற் கலங்களின் பெருக்கத்தைத் தடுப்பது வேறு. நோயுற்ற மனிதரைக் குணப்படுத்துவது வேறு. இதை அயலவருக்கு நான் உடனே எடுத்துரைத்தேன். பூவை அவித்துக் குடிக்க எண்ணியிருந்த ஒருவரைத் தடுக்கவும் செய்தேன். அங்கே எனக்குத் துணிவு குறையவில்லை. அது எவருடைய தெய்வத்தையும் தொடவில்லை அல்லவா?

அவ்வாண்டு கார்த்திகையில் இரண்டாவது காய் விழுந்தது. பாடசாலை விட்டு வந்துகொண்டிருந்த சிறுமி ஒருத்திக்கு ஓரடி முன்னால் அது நிலத்தை மோதி உடைந்தது. அவளுக்குக் காயமில்லை, அவளது வெள்ளைச் சீருடையெங்கும் சதை தெறித்தது. அழுதுகொண்டு நின்ற பிள்ளையின் உடையில் வெண்கறைகள் என் கண்முன்னே நீலமாகின. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆறு மாதங்களுக்கு முன் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், மரம் புனிதமா அன்றா என்ற வாதம் அன்றே ஓய்ந்து, காய் எங்கே விழும் என்ற கேள்வியை நாம் பேசியிருக்கலாம். பேச வேண்டியிருந்ததும் அது ஒன்றே.

மறுநாள் காலை ஆச்சியின் வீட்டுக்குச் சென்றேன். தேநீர் தந்தார். நான் தயங்கித் தயங்கி, லும்பினி மரம் வேறு, நம் மரம் வேறு என்று சொல்லி முடித்தேன். அவர் வியப்படையவில்லை. அவர் சிங்களத்திற் சொன்னதைத் தமிழில் எழுதுகின்றேன்: "அது எனக்கு எப்போதோ தெரியும், புதா. என் மருமகன் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், அவன் சொன்னான். பூ நல்ல பூ, புத்தருக்கு வைக்கிறேன். ஆனால் உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவர் அதைத் தங்கள் சிவனின் பூ என்று நினைத்துப் பறிக்கிறார். இந்த வயதில் எதற்கு அவர் மனத்தை நோகடிக்க வேண்டும்?"

வீட்டுக்கு வந்து தாயாரிடமும் சொன்னேன். கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே இம்மரம் நம் பக்கம் வந்திருக்க முடியும் என்று விளக்க முற்பட்டேன். எண்பது வயதைக் கடந்த அவர் என்னை இடைமறித்தார். "நான் விடிய விடியத் தேவாரம் படிக்கிறனான். அதிலை கொன்றை இருக்கு, எருக்கு இருக்கு, ஊமத்தையும் இருக்கு. இந்தப் பூ ஒரு பதிகத்திலையும் இல்லையெண்டது எனக்குத் தெரியாதே? நீ போய் அக்கேக்குச் சொல்லிப்போடாதை. அவ பாவம், புத்தர் பிறந்த மரமெண்டு நம்பிக்கொண்டிருக்கிறா."

நான் எழுந்து வெளியே வந்து சிறிது நேரம் நின்றேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மரத்தடியிற் பூப்பறித்த இருவரும் உண்மையை அறிந்திருந்தனர். ஒருவர் மனத்தை மற்றவர் காத்து வந்தனர். உண்மை தெரிந்தால் அவர்கள் உடைந்து போவார்கள் என்று எண்ணியவன் நான் ஒருவனே. அவர்களின் மௌனம் அன்பிலிருந்து வந்தது. என் மௌனத்தில் அன்பும் இருந்தது, அச்சமும் இருந்தது, படித்தவன் என்ற செருக்கும் இருந்தது. அவர்களின் மௌனத்தால் எவருக்கும் கேடு விளையவில்லை. என் மௌனத்துக்கான விலையை அச்சிறுமி செலுத்தவிருந்தாள்.

அடுத்த ஞாயிறு மீண்டும் கூடினோம். இம்முறை நான் முதலிலே எழுந்து மரத்தின் பெயரையும் ஊரையும் சொன்னேன்; முன்னர் அந்த இளைஞர் கூறியது சரியென்றும், நான் அறிந்தும் பேசாதிருந்தேன் என்றும் சொன்னேன். எவரும் சினக்கவில்லை. மரத்தைத் தறிக்கவேண்டும் என்ற பேச்சும் அதன்பின் வலுப்பெறவில்லை. பூ அடிமரத்துத் தண்டுகளிலேயே தோன்றுகின்றது; காய் முற்றுவதற்கு ஓராண்டளவு ஆகின்றது. ஆகவே ஒழுங்கைப் பக்கமாகத் தொங்கும் தண்டுகளில் காய் சிறிதாயிருக்கும்போதே அவற்றை வெட்டிவிட்டால் ஆபத்து நீங்கும். மறுபக்கம் வெற்று வளவு. அங்கே விழுபவை விழட்டும் என்று முடிவு செய்தோம். மரத்தைச் சுற்றி ஒரு வேலியும் அடைத்தோம்.

இன்றும் அம்மரம் நிற்கின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏணியுடன் ஒருவர் வந்து இளங்காய்களை வெட்டுகின்றார். அவருக்குரிய கூலியை வீடு வீடாகச் சென்று சேர்ப்பவர் அந்த முச்சக்கர வண்டி இளைஞரே. வெட்டிய காய்களில் ஒன்றை எனக்காக எடுத்து வைக்கின்றார். அதை அறுத்து, நீலமாவதை ஒழுங்கைப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றேன். சென்ற முறை அச்சிறுமியும் வந்திருந்தாள். இப்பொழுது அவள் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்கின்றாள். மரத்தின் பெயர் என்னவென்று ஒரு சிறுவன் கேட்டான். நான் வாய் திறக்குமுன் அவளே மூன்று பெயர்களையும் சொல்லி, அவற்றில் எது எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்கினாள்.